ரிங் போச்சு, எடுக்கல

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. காலையில் கதவைத் திறந்ததிலிருந்து மாலையில் பூட்டும் வரை என் மனைவி என் மனைவி அல்ல, பாஸ். நான் அவளுக்கு 'ஏங்க' அல்ல, அசிஸ்டென்ட். சட்டம் போட்டவள் அவள். மீறுகிறவன் நான். தண்டனை சாயங்காலம் வீட்டில்.

அன்று காலை எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர் இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். ஐந்தாவது மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு லிஃப்ட் மெக்கானிக்கைவிட முக்கியமான மனிதர் கிடையாது. அவரால்தான் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் மூச்சு வாங்காமல் வந்து சேர்கிறார்கள். எப்போதும் வாசலோடு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. மனிதர் துள்ளி எழுந்தார், என் காலை மிதித்தார், ஜன்னலுக்கு ஓடினார், கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு கத்தினார்.

"ஹலோ, கேக்குதா? இப்ப கேக்குதா? இப்ப?"

எதிர்முனையில் இருந்தவருக்குக் கேட்டதோ இல்லையோ, கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"போன் எதுக்கு சார்? இப்படிப் பேசினா சும்மாவே கேக்குமே" என்றேன்.

"மன்னிச்சுக்குங்க சார். பழக்கம். வீட்ல டவரே இருக்காது. ரிங் வந்தா எங்க இருக்கோம்னு பாக்காம கால் தானா ஓடிடும்."

"அதுதான் பிரச்சினையா?" என்று கேட்டாள் பாஸ்.

அவர் தலையை ஆட்டினார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நாளைக்கு எனக்கு விசாரணை மேடம். லீவு நாள்ல எங்கள்ல ஒருத்தருக்கு அவசர டியூட்டி இருக்கும். வீட்லயே இருக்கலாம், ஆனா கால் வந்தா உடனே கிளம்பணும். யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா கன்ட்ரோல் ரூம்லேர்ந்து கூப்பிடுவாங்க. இதுவரைக்கும் மூணு லீவு நாள்ல கூப்பிட்டு நான் எடுக்கலையாம். சத்தியமா எனக்கு வரவே இல்ல. கடைசி தடவ உள்ள மாட்டினது ஒரு பெரியவர். மூச்சுத் தொந்தரவு உள்ளவர். கதவைத் திறக்கும்போது மயங்கிக் கிடந்தாராம். இப்பத் தேவலையாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். உள்ள போய்ப் பாக்க முகம் இல்லாம திரும்பிட்டேன்."

"வீட்ல சிக்னல் பூஸ்டர் வெக்கலாமே" என்றேன். ஏதோ நான்தான் கண்டுபிடித்த பொருள் மாதிரி.

"இருக்கு சார். எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. அவரும் எங்க கம்பெனியில மெக்கானிக்தான். மாடி வீட்ல அவர், கீழ் வீட்ல நான். 'உன் டியூட்டி கெடக் கூடாதுடா'ன்னு அவரே மொட்டை மாடியில ஏறி ஆன்டெனா கட்டி, ஒயர் இழுத்து, எல்லாம் அவர் கையால செஞ்சது. அப்பா போனதுக்கப்புறம் எனக்கு அப்பாவும் அவர்தான். எனக்காகக் கல்யாணம்கூடப் பண்ணிக்கல. பூஸ்டர்தான் சரியில்ல மேடம். நல்லா இருக்கும், திடீர்னு செத்துடும். கடைக்காரன் எங்க அண்ணனை ஏமாத்திட்டான். நாளைக்குள்ள அதை நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும். வேலை போனாக்கூடப் பரவாயில்ல. வேணும்னே எடுக்காம விட்டேன்னு பேர் வரக் கூடாது."

"நீங்க எடுக்கலன்னு யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னு ஒருத்தர் கிடையாது. யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சிருக்கணும். ஆபீஸ்ல வேற ஏதாவது மாற்றம் தெரியுதா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சிரிக்காதீங்க மேடம். என்கூடப் பேசும்போது எல்லாரும் ஒரு அடி கிட்ட வராங்க. மூஞ்சிக்கிட்ட மூஞ்சி வெக்கிறாங்க. அடுத்த மாசம் எனக்கு சூப்பர்வைசர் தர்றதா பேச்சு இருந்துச்சு. அதனால பாசம் கூடிடுச்சோ என்னவோ."

நான் சிரிக்கத்தான் செய்தேன். பாஸ் சிரிக்கவில்லை.

பூஸ்டர் விற்ற கடை, செல்போன் உறைகளுக்கு நடுவே ஒரு மனிதன் உட்கார இடம் விட்ட மாதிரி இருந்தது. அந்த இடத்தில் கடைக்காரர் இருந்தார். ஏமாற்றுக்காரனைப் பிடித்துவிட்ட மிதப்பில் நான் முன்னால் போனேன்.

"நீங்க வித்த பூஸ்டர் வேலை செய்யல. ஒரு ஆளோட வேலையே போகப் போகுது."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், பூஸ்டர் டவரைப் புதுசா உண்டாக்காது. வெளிய இருக்கறதை உள்ள கொண்டு வரும், அவ்வளவுதான். தொட்டியில தண்ணி இருந்தாத்தானே குழாயில வரும்? அந்த வீட்டு மொட்டை மாடியில டவர் ஃபுல்லா இருக்கு. நானே போய்ப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். அங்க இருந்தா கீழயும் இருந்தே ஆகணும்."

"திடீர்னு செத்துடுதாமே?"

"ஆன்டெனாவைத் திருப்பி வெச்சா சாகும். ஒயரைப் பிடுங்கினா சாகும். பெட்டிக்குக் கரண்ட் இல்லன்னா சாகும். நாலாவதா ஒரு சாவு அதுக்குக் கிடையாது."

"வாங்கினவரை ஞாபகம் இருக்கா?" என்றாள் பாஸ்.

"மறக்க முடியுமா மேடம்? தம்பிக்குன்னு சொல்லிச் சொல்லி வாங்கினார். எத்தனையோ பேர் வாங்கறாங்க, இவ்வளவு அக்கறையா யாரும் கேட்டதில்ல. பெட்டியை எங்க வெச்சா நல்லது, கரண்ட் போனா உடனே நின்னுடுமா, மறுபடி வந்தா தானா வேலை செய்யுமா, எல்லாம் விசாரிச்சார். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான். என் கல்யாணத்துக்கே சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தான்."

வெளியே வந்ததும் என் தீர்ப்பை வழங்கினேன். "கடைக்காரன் யோக்கியன். யாரோ மொட்டை மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பறாங்க பாஸ். பக்கத்து வீட்டுக்காரனா இருக்கும். எல்லாக் கெட்ட காரியத்துக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன் இருப்பான்."

"நமக்கும் பக்கத்து வீடு இருக்கு. அவங்களுக்கு நீங்கதான் பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள் பாஸ்.

லிஃப்ட் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் ஒரு பெண்மணி காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் முதலில் இவருடைய காதில்தான் அழுகை விழும். அந்தக் காதுக்கு இரக்கம் அதிகம், ஆனால் அந்த இரக்கமெல்லாம் பெரியவர் பக்கமும் அண்ணன் பக்கமும் இருந்தது. தம்பியின் பேரை எடுத்ததுமே முகம் சுருங்கியது.

"அந்தப் பெரியவர் உள்ளேர்ந்து என்கிட்டதான் பேசிட்டே இருந்தார். 'ஆள் வந்துட்டே இருக்கார் அய்யா'ன்னு எத்தனை தடவ பொய் சொல்றது? இவருக்குப் போட்டா அந்தப் பொண்ணு பேசுது, 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்'னு. திரும்பத் திரும்ப அவதான் பேசறா. கடைசியில அவங்க அண்ணனுக்குப் போட்டேன். அவருக்கு அன்னிக்கு லீவு. ஆனா அவர்தான் ஓடினார். மூணு தடவையும் அவர்தான்."

"தம்பி கீழ் வீட்லதானே இருக்கார், கையோட கூட்டிட்டுப் போகலையா?" என்றாள் பாஸ்.

பெண்மணி அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இருங்க, நான் போட்டுப் பாக்கறேன்னு சொல்லிட்டு வெச்சார். உடனே திரும்பக் கூப்பிட்டார். 'ரிங் போச்சு, எடுக்கல. ராத்திரி கொஞ்சம் அதிகமாயிடுச்சு போல, தூங்கறான். பாவம், இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும், நானே போறேன்'னு கெஞ்சினார். ஒவ்வொரு தடவையும் அதே கெஞ்சல். இந்தக் காலத்துல யார் இப்படி இருக்காங்க?"

"நீங்களும் யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

"சேச்சே. மேனேஜர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

மேனேஜர் யாரிடம் மட்டும் சொன்னார், அவர் யாரிடம் மட்டும் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். கம்பெனியே ஒரு அடி கிட்ட வந்து நிற்பதற்கான காரணம் புரிந்தது. பாசம் இல்லை அது. மோப்பம்.

பாஸ் அந்தப் பெண்மணியைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினாள். பெண்மணி முதலில் முடியாது என்று தலையாட்டினார், பிறகு மேனேஜர் அறைக்குள் போனார், வெளியே வந்து சரி என்றார். எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. அசிஸ்டென்டுக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் பிறகு பாஸ் எதற்கு?

தெருவில் நடக்கும்போது நான் புலம்பினேன். "குடிகாரத் தம்பி, தங்கமான அண்ணன். நம்ம ஆள் நம்மகிட்டயே மறைச்சுட்டார் பாஸ். விடுங்க, கிளம்பலாம்."

"அசிஸ்டென்ட், நான் போனை எடுக்கலன்னா என்னன்னு சொல்வீங்க?"

"எடுக்கலன்னு சொல்வேன். மனசுக்குள்ள வேற சொல்வேன்."

"நான் டவர் இல்லாத இடத்துல இருந்தா?"

"போன் போகலன்னு சொல்வேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"முதலாவதுக்கு சாயங்காலம் சண்டை உண்டு. ரெண்டாவதுக்குக் கிடையாது. அதுல யார் மேலயும் தப்பில்லையே."

"சரியாச் சொல்லிட்டீங்க" என்றாள். என்ன சொன்னேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக்கின் வீட்டுக்கு நாங்கள் வேஷம் போட்டுக்கொண்டு போனோம். அவர் பார்த்துக்கொள்ளும் லிஃப்டில் தினமும் போகிற, அவருக்கு நன்றி சொல்ல வந்த கணவன் மனைவி. என் தொழில் வாழ்க்கையிலேயே ஒத்திகை தேவைப்படாத ஒரே வேஷம்.

இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். நடுவே அழுத்திப் பிடித்த மாதிரி அந்த மாடி வீடு. கீழ் வீட்டில் பகலிலேயே விளக்கு எரிந்தது. ஹால் சுவரில் ஒரு வெள்ளைத் தட்டு, அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, கூரையில் போட்ட ஓட்டை வழியாக மாடிக்குப் போனது. ஜன்னலில் ஒரு துணிப்பை தொங்கியது. பூஸ்டர் வருவதற்கு முன் செல்போன்களை அதில்தான் போட்டு வைப்பார்களாம். அவசரமாகப் பேச வேண்டுமென்றால் மாடிப்படிக்கு ஓட வேண்டும். படிக்கட்டின் நடுவில் ஒரு படியில் மட்டும் டவர் கிடைக்கும். அதற்கு அந்த வீட்டில் 'பேசுற படி' என்று பேர். அதன் விளிம்பு மற்றப் படிகளைவிடத் தேய்ந்திருந்தது.

மெக்கானிக்கின் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. ஈரக் கையோடு ஓடி வந்தார், ஜன்னலில் முகத்தைப் பதித்தார். "ஹலோ அம்மா, கேக்குதா? கேக்குதா?"

"பூஸ்டர்தான் இருக்கே?" என்றாள் பாஸ்.

"எப்ப இருக்கும், எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர், இன்னும் கத்தியபடியே.

அப்போது அண்ணன் இறங்கி வந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை, யாரையும் நோகடிக்காத முகம். வந்ததும் வராததுமாகத் தம்பியின் சட்டைக் காலர் மடிந்திருந்ததை நிமிர்த்திவிட்டார். "நாளைக்கு நானும் கூட வரேன்டா. மேனேஜர் கால்ல விழுந்தாவது உன்னக் காப்பாத்தறேன்" என்றார். தம்பிக்குக் கண் கலங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும்தான். எனக்கு இப்படி ஒரு அண்ணன் இருந்திருந்தால் துப்பறியப் போயிருக்கவே மாட்டேன்.

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப்போட்டேன். அவர் தன் டீயை எனக்குக் கொடுத்துவிட்டு, "நீங்க முதல்ல குடிங்க" என்றார். சின்ன வயதில் தம்பி மின்னலுக்குப் பயந்து இவர் சட்டைக்குள் புகுந்துகொள்வானாம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவருடைய போன் அடித்தது. அவர் அதை எடுத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க மேடம்" என்றார் மெதுவாக. "அப்படியா... இப்பலேர்ந்தா... சரி, சரி. வெச்சிடறேன்."

"யாருண்ணே?" என்றார் தம்பி.

"பழைய கஸ்டமர்டா. சும்மா. அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன், பாத்துட்டு வந்துடறேன்."

அவர் படியேறிப் போனார். அந்த முதுகைப் பார்த்து நான் சொன்னேன், "தங்கமான மனுஷன்."

"ஆமா சார்" என்றார் தம்பி.

பாஸ் தம்பியின் செல்போனை வாங்கி மேஜை நடுவில் வைத்தாள். "டவர் எத்தனை கோடு இருக்கு பாருங்க."

"ஃபுல்லா இருக்கு மேடம். இப்ப நல்லாத்தான் இருக்கு."

"பாத்துட்டே இருங்க."

மாடியில் செருப்புச் சத்தம் நடந்தது, நின்றது. ஒவ்வொன்றாகக் கோடுகள் போயின. கடைசியில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி மட்டும் நின்றது.

"பாத்தீங்களா மேடம், இப்படித்தான். கரண்ட் போயிருக்கும்" என்றார் தம்பி.

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வது போல இருந்தது.

"பூஸ்டர் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டாள் பாஸ்.

"மாடியில. அண்ணன் ரூம்ல. ஆன்டெனாவுக்குக் கிட்ட இருக்கட்டும்னு... பிளக் லூஸா இருக்கும் மேடம். போய்ச் சொன்னா சரி பண்ணிடுவார்."

"உக்காருங்க" என்றாள் பாஸ். அந்தக் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. "இப்ப அவருக்கு வந்தது கஸ்டமர் கால் இல்ல. கன்ட்ரோல் ரூம். நான் சொல்லித்தான் பேசினாங்க. உங்களுக்கு இப்பலேர்ந்து டியூட்டி போட்டிருக்கு, கொஞ்ச நேரத்துல மேனேஜரே உங்களைக் கூப்பிடுவார், எடுக்கலன்னா நாளைக்கு விசாரணையே வேண்டாம், வீட்லயே இருக்கச் சொல்லிடலாம்னு சொன்னாங்க. அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

தம்பி மறுபடியும் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"போன் வந்தா இந்த வீட்ல எல்லாரும் ஓடறீங்க. எங்க ஆபீஸ்லகூட ஓடினீங்க. டவர் எப்பப் போகும்னு தெரியாதவங்க ஓடுவாங்க. உங்க அண்ணன் இதே ஹால்ல சாஞ்சு உக்காந்து கிசுகிசுன்னு பேசினார். போகாதுன்னு அவருக்குத் தெரியும்."

"அவர் மாடியிலயே இருக்கறவர் மேடம். மாடியில நல்லா கிடைக்கும். அந்தப் பழக்கம்."

"மாடிக்காரர் கீழ வந்தா இன்னும் வேகமா ஓடணும்."

நான் வாயைத் திறந்து மூடினேன். நானும் அதே சமாதானத்தைத்தான் சொல்ல இருந்தேன்.

"இன்னும் ஒண்ணு" என்றாள் பாஸ். "பெரியவர் மாட்டின அன்னிக்கு உங்க போன் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு கன்ட்ரோல் ரூம்ல கேட்டிருக்கு. உங்க அண்ணன் போட்டுப் பாத்துட்டு, ரிங் போச்சு, எடுக்கலன்னு சொல்லியிருக்கார். டவரே இல்லாத போன்ல ரிங் எப்படிப் போகும்? போகலன்னு சொல்லியிருந்தா தப்பு பூஸ்டர் மேல. எடுக்கலன்னு சொன்னதால தப்பு உங்க மேல. ராத்திரி அதிகமாயிடுச்சு போல, தூங்கறான்னும் சொல்லியிருக்கார். மூணு தடவையும்."

"என்ன அதிகமாயிடுச்சு?"

தம்பி மெல்லத் தன் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதி, முகர்ந்து பார்த்தார். வெற்றிலை பாக்குகூடப் போடாத மனிதர். அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்குத்தான் எல்லாரும் கிட்ட வந்து நின்னாங்களா?" என்றார் தம்பி.

அந்த ஆள் கொடுத்த டீ இன்னும் என் கையில் பாதி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு ஹாலைவிட்டு வெளியே போனார். நாங்கள் பின்னால் போனோம். பேசுற படியில் ஏறி நின்றார். மேலே கதவு திறந்திருந்தது. அண்ணன் வாசலில் நின்றிருந்தார்.

"என்னடா, டவர் போயிடுச்சா?" என்றார் அண்ணன். "மட்டமான பூஸ்டர்டா அது. நாளைக்கே கடைக்காரன் சட்டையைப் பிடிக்கறேன்."

"ஸ்விட்ச்சைப் போடுண்ணே."

"எந்த ஸ்விட்ச்?"

தம்பி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் இருந்திருந்தால்கூட அண்ணன் சமாளித்திருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே கோபம் இல்லை. சின்னப் பையன் தொலைந்துபோய் நிற்கிற முகம்தான் இருந்தது. அண்ணனுடைய கண் கீழே, பாஸிடமும் என்னிடமும் வந்தது. நாங்கள் நன்றி சொல்ல வந்தவர்கள் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"உன்ன இந்தக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்டா" என்றார். குரல் உடைந்திருந்தது. "எனக்கு அப்புறம் வந்தவன் நீ. உன்ன சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்கன்னு எனக்குச் சொன்னது யார் தெரியுமா? கேன்டீன்காரன். சிரிச்சுக்கிட்டே சொல்றான். இனிமே நீ போன்னு சொன்னா நான் போகணும், வான்னு சொன்னா வரணும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்திருப்பேனே அண்ணே."

"தெரியும்டா. நீ குடுத்துடுவே. நீ விட்டுக் குடுத்து நான் வாங்கிக்கணுமா?"

"அந்தப் பெரியவர் செத்திருந்தா?"

"நான்தான் ஓடினேனே. வேகமாத்தான் ஓடினேன்" என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது மட்டும் தலை குனிந்துகொண்டார்.

தம்பியின் கையில் போன் அடித்தது. ஒரே ஒரு கோடு. மேனேஜரின் எண்.

அண்ணன் பதறிப்போனார். இரண்டு படி இறங்கி வந்தார். "டேய், இரு. இங்க வேண்டாம். நான் ஸ்விட்ச் போடறேன். கீழ ஹாலுக்குப் போய் மெதுவாப் பேசு. என்ன வேணா சொல்லிக்கோ. மெதுவாப் பேசு, அவ்வளவுதான்."

தம்பி பட்டனை அழுத்தி, காதில் வைத்தார்.

"ஹலோ சார். கேக்குதா? இப்ப கேக்குதா சார்?... வீட்லதான் இருக்கேன். படியில நிக்கறேன். இங்கதான் டவர் கிடைக்கும்... நான் குடிக்கல சார். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது... அன்னிக்கு ரிங்கே வரல. ரிங் போச்சுன்னு சொன்னது பொய்."

கரகரவென்று எதிர்முனையில் ஏதோ கேள்வி. தம்பி ஒரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டார்.

"பூஸ்டரை நிறுத்திட்டாங்க சார்... நிறுத்திட்டாங்க... யாரா? எங்க அண்ணன்... கேக்கலையா? எங்க அண்ணன் சார்."

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு ஜன்னல் திறந்தது. எதிர்ப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றார். தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"அ-ண்-ண-ன். கூடப் பொறந்தவர். எனக்கு அப்பா மாதிரி... மாதிரி சார், அப்பா இல்ல. அண்ணன்."

மேலே அண்ணன் உள்ளே ஓடினார். ஸ்விட்ச் போடும் சத்தம் படிவரை கேட்டது. தம்பியின் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக வந்து முழுசாக நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். மேனேஜரின் குரல் எங்களுக்கே தெளிவாகக் கேட்டது.

"கேக்குது, நல்லா கேக்குது. கத்தாதீங்க, மெதுவாச் சொல்லுங்க."

தம்பி குரலை இறக்கவில்லை. அவர் இப்போது ஜன்னல்களைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. மேலே அந்தத் திறந்த கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, வாங்க போயிடலாம்" என்றாள். அலுவலகம் பூட்ட இன்னும் நேரம் இருந்தது. நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.

"ஆமா சார். எங்க அண்ணன்தான்."